சக்கேயுவின் கணக்குப் புத்தகம்



2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். வைத்தியசாலைகளிலே தாதிமாரும் கன்னியரும் நாளொன்றுக்கு எத்தனையோ சோடி இறப்பர்க் கையுறைகளை மாட்டிக் கழற்றினார்கள். நோயிலிருந்து நம்மைக் காத்த அக்கையுறையைச் செய்த கை யாருடையது என்று அன்று நாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவ்வாண்டு ஜூலை மாதத்திலே, உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளரான மலேசியாவின் டொப் குளோவ் நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களிலிருந்து வரும் சரக்கைத் துறைமுகத்தில் தடுத்து வைக்குமாறு அமெரிக்க சுங்கப் பகுதி கட்டளையிட்டது. கையுறையில் ஓட்டை இருந்ததென்றல்ல. கட்டாய வேலையினால் செய்யப்பட்ட பொருள் என்ற ஐயத்தினாலேயே. நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர், அந்த வேலையைப் பெறுவதற்கே முகவர்களுக்குப் பெருந்தொகை கட்டியிருந்தனர். பலருக்கு அது வட்டிக்கு வாங்கிய பணம். கடன் தீரும் வரை எவ்வளவு நேரம் வேலை வாங்கினாலும் வாய் திறக்க முடியாது. வாசலிலே காவற்காரன் தேவையில்லை.

இது நமக்குப் புதிய கதையா? மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் நமது மலைநாட்டுக்கும் தமிழ் மக்கள் போன வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டுப் புறப்படு முன்னரே கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகத் தலையில் ஏறிவிடும். இலங்கையிலே 'துண்டு' என்றொரு கடதாசி இருந்தது. இன்ன கடனைக் கட்டுகிறவர் இவர்களைத் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. ஆனால் ஆளைக் கடனால் கட்டும் வழக்கம் உலகை விட்டுப் போய்விடவில்லை. சர்வதேச தொழில் தாபனம் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்திய ஆண்டிலே 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய வேலையில் அகப்பட்டிருந்தனர்.

சிறு வயதிலே ஞானோபதேசத்தில், வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று மனனம் செய்தோம். கூலிக்காரனின் கூலியைப் பறிப்பது அவற்றுள் ஒன்று. அறுவடை செய்தவனுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலியே கத்துகிறது என்கிறார் யாகப்பர். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் இதையே முதலாளிமாருக்கு நினைவூட்டினார். ஆனால் இன்றைய வியாபாரி, "சுவாமி, நான் எவருடைய கூலியையும் பறிக்கவில்லையே, பொருளைத்தானே வாங்கினேன்" என்பார். உண்மைதான். அவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையில் இறக்குமதியாளர், ஆலை, ஒப்பந்தக்காரர், முகவர், உப முகவர் என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. அந்த வரிசையின் நீளமே அவருக்குச் சாட்டாகிவிடுகிறது.

விடயம் வெளியானதும் சில பெரிய கம்பனிகள் என்ன செய்கின்றன? "அந்த ஆலையோடு இனி எமக்குத் தொடர்பில்லை" என்று அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. பிலாத்துவும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவினான். ஆலை மூடப்பட்டால் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, கடனும் தீரவில்லை.

சக்கேயுவின் வழி வேறு. வரி வசூலிப்பதை நாளையிலிருந்து நேர்மையாகச் செய்வேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எவரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றார். யார் யாரிடம் எவ்வளவு என்று அறிய, அன்றிரவே அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டும். மலேசியாவிலும் கடைசியில் அப்படித்தான் நடந்தது. முகவர்களுக்குக் கட்டிய தொகைக்கு ஈடாக, 3 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பணம் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தங்குமிடங்களும் திருத்தப்பட்டன. 2021 செப்டெம்பரில் தடை நீங்கியது. மனஸ்தாபம் எவ்வளவு, சந்தை போய்விடும் என்ற பயம் எவ்வளவு என்று நான் அளக்கப் போவதில்லை. பணம் கைக்கு வந்தவனுக்கு அந்தக் கேள்வி முக்கியமல்ல.

பிரித்தானியா 2015இல் இயற்றிய சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் பவுணுக்குக் குறையாத வியாபாரம் உள்ள நிறுவனங்கள் இதுபற்றி ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. விசித்திரம் என்னவெனில், "நாம் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினாலும் அச்சட்டத்துக்குப் போதும்! ஆன்ம சோதனை செய்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலே வீடு திரும்புவது போல.

வியாபாரிகளான வாசகர்களே, உங்களால் செய்யக்கூடியது உண்டு. தொழிலாளியை வேலைக்குச் சேர்க்கும் செலவை யார் கொடுத்தார், அவனா முதலாளியா? கடவுச்சீட்டு யாருடைய பெட்டியில் இருக்கிறது? இவற்றை விலை பேசுமுன் கேளுங்கள். ஆலையைப் பார்க்கப் போனால், மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில், தொழிலாளியின் மொழியில் பேசக்கூடிய ஒருவரை அழைத்துப் போங்கள். உங்கள் சொந்த விலையையும் பாருங்கள். பாதி விலைக்கு, பாதி நாளில் சரக்கு வேண்டும் என்று நெருக்கினால், அந்த நெருக்கல் வரிசையின் கடைசி ஆள்மீதுதான் போய் விழும்.

நம் பங்குகளிலும் வெளிநாட்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் உப முகவர்கள் உண்டு. ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். கோயிற் கட்டட நிதிக்கும் கொடுக்கிறார்கள். எங்கிருந்து வந்த பணம் என்று குருக்களாகிய நாங்களும் கேட்பதில்லை. அதை இங்கே எழுதாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெப்ரவரி 8ஆம் திகதி, சூடானிலே சிறுமியாக இருக்கையில் பலமுறை விற்கப்பட்ட அர்ச். யோசபின் பக்கித்தாவின் திருநாள். அதற்கு முன் உங்கள் கடையிலே ஒரேயொரு பொருளின் பற்றுச்சீட்டை எடுத்து, அது வந்த வழியே எத்தனை கை தூரம் பின்னே போக முடிகிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் பதில் நின்றுபோனது என்பதை எமக்கு எழுதுங்கள்.