முடிச்சுக்குள் கணக்கு

ஸ்கூலில் கணக்கு வராத பெண்ணுக்குக் கணக்கு தெரியுமா?

மதுரையில் கைக்கட்டுச் சுங்குடி தயாராவதைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வரும். வீட்டுத் திண்ணையில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நுனிவிரலால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிப் பிரித்தால், நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி. டிசைன் முழுசாகத் தெரிவது கடைசியில்தான். அதுவரை மனக்கணக்கு.

அமெரிக்காவிலும் ஒரு பெண்மணி இப்படி நூலோடு உட்கார்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா. கணிதம் படித்தவர். ஹைப்பர்பாலிக் தளம் என்று ஒரு விநோதமான வளைபரப்பு உண்டு. காகிதத்தில் அதன் மாடல் செய்தால் கிழிந்துவிடும். இவர் 1997-ல் குரோஷா ஊசி எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு என்று ஒரே விதி. வரிசைக்கு வரிசை அதையே பின்னினால் துணி சேவற்கொண்டையாக நெளிகிறது. கையில் மடித்துப் பார்க்கக்கூடிய ஜியோமிதி!

கணிதம் படித்தவர் பின்னினால் அது ஆராய்ச்சி. கண்ணி கூட்டி, குறைத்துப் பேரனுக்குக் குல்லா பின்னும் பாட்டிக்கு அது பொழுதுபோக்கு. சுங்குடிக்கோ கூலி. இது நியாயமா?

‘சிலந்திகூடத்தான் வலை பின்னுகிறது. அதற்கும் ஜியோமிதி தெரியுமா?’ என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. செய்வது வேறு, தெரிந்து செய்வது வேறு. வித்தியாசம் தப்பு நேரும்போது தெரியும். ஒரு முடிச்சு தள்ளிப்போனால் அந்தப் பெண்ணின் கை நிற்கிறது. எண்ணிப் பார்க்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி போடுகிறாள். பக்கத்துச் சிறுமிக்கு, ‘இங்கதான் விட்டுட்டே பாரு’ என்று காட்டுகிறாள். சிலந்தி யாருக்கும் பாடம் எடுப்பதில்லை.

எழுதிக் காட்டுவதற்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. எழுதினால்தான் அறிவு ஊர் தாண்டும். சென்னையில் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் 1974-ல் கோல விதிகளை இலக்கணமாக எழுதியதும், வாசல் கோலம் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்தது. ஆனால், எழுதுமுன்பும் அந்த விதி இருந்தது, விடியற்காலையில் குனிந்து கோலம் போட்டவர்களின் விரலில்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை. ஆனால் கடைகளில் அச்சுச் சுங்குடிதான் மலிவு, அதுதான் விற்கிறது. அடுத்த முறை விளக்குத்தூண் பக்கம் போனால், ‘இது கட்டினதா, அச்சா?’ என்று கேளுங்கள். கட்டினது என்றால், பேரத்தை ஆரம்பிக்குமுன் ஒரு முழத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பாருங்கள்.

பாதியில் நமக்குக் கணக்குத் தப்பிவிடும்.