கவலையும் கடமையும்

பிறர் உடலைத் தொட்டுப் பணிசெய்வோர்க்கு ஓர் அச்சம் என்றும் உண்டு. சிறுநீர் பிரியாமல் துடிக்கும் முதியவர் ஒருவருக்குத் தாதி ஒருத்தி குழாய் செலுத்துகிறாள். சிறுநீர் வெளியேறுகிறது, வலி தணிகிறது. ஆயினும், பணி முடியும் வேளையில் சேகரிப்புப் பையில் கண்ட சிறு செந்நிறம் அவள் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. ‘என் கை தவறியதோ?’ எனக் கலங்குகிறாள். இக்கவலை அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் மனத்தளர்ச்சியா?

‘நோக்கம் தூயதாயின் குற்றமில்லை’ என்பர் சிலர். நோய்க்கிருமியோ நோக்கத்தைக் கேட்டு நுழைவதில்லை. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரின் மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய செம்மல்வைஸ், பிணங்களை அறுத்து ஆய்ந்த கைகளோடு மகப்பேறு பார்த்த மருத்துவர்களாலேயே தாய்மார் பலர் மாண்டனர் எனக் கண்டார். குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்ததும் இறப்பு பெரிதும் குறைந்தது. அம்மருத்துவர்களின் நோக்கத்தில் மாசில்லை. மாசு கையில் இருந்தது.

‘விளைவு தீதாயின் செய்தவரே குற்றவாளி’ என்பர் வேறு சிலர். இதுவும் பொருந்தாது. இன்று வழங்கும் பலூன் குழாயை 1930களில் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் போலி. சிறுநீர் வரக் கண்டு, குழாயை மேலும் சற்றுச் செலுத்திய பின்னரே பலூனில் நீரேற்ற வேண்டும். முந்தினால் சிறுநீர்ப்பாதை புண்படும். ஆனால், விதிகளை வழுவாது காத்தபோதும் சிறிது குருதி கசியலாம். குழாய் உள்ளே தங்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. குற்றமின்றியும் தீங்கு நேரலாம்; குற்றமிருந்தும் நேராது போகலாம்.

ஆகவே, நோக்கமும் விளைவும் மட்டுமே அளவுகோல் ஆகா. அறியத்தக்கதை அறிந்து செய்தாளா, கண்டதை மறையாது உரைத்தாளா என்பனவே கேட்கத்தக்கவை. கவலைக்கு இரு முகங்கள் உள. ‘என் பெயர் என்னாகும்?’ என்னும் கவலை தன்னை நோக்கியது. அது கண்டதை மறைக்கத் தூண்டும். ‘அவர் என்னாவார்?’ என்னும் கவலை பிறரை நோக்கியது, அது அடுத்த முறைத் தாதியிடம் கண்டதைச் சொல்லும், ஏட்டில் எழுதும், காய்ச்சல் உண்டா, சிறுநீர் தடையின்றி இறங்குகிறதா, பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்குகிறதா, குழாய் இன்னும் தேவைதானா என வினவும். முன்னது வெறும் அச்சம், பின்னதே அறம்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிசெய்வோரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக வைத்தார். கூறு என்றமையால் பொறுப்பும் உண்டு. சொல்லும் உரிமையும் உண்டு. உண்மை உரைத்தவளை மேலோர் கடிந்தால், அடுத்த முறை அவள் வாய் திறவாள், துன்புறுபவர் நோயாளியே.

நம் வகுப்பறைக்கும் இது பொருந்தும். ‘ஐயா, நான் செய்தது பிழையோ?’ எனத் தானே வந்து கேட்கும் மாணவனை நாம் எங்ஙனம் வரவேற்கிறோம்? பிரம்பைக் கண்டு பிழையை மறைக்கப் பழகிய சிறுவனே நாளை மருத்துவமனையில் நிற்கப்போகிறான். சொல்லத் துணிந்த கவலை உயிர் காக்கும். அத்துணிவை வளர்ப்பது ஆசிரியர் கடன்.