துருவும் துளையும்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், மூடப்பட்ட பள்ளித் தச்சுக்கூடம் ஒன்றிலிருந்து பழைய மேஜை ரம்பம் ஒன்றை வாங்கிவந்து ஒரு குளிர்காலம் முழுவதும் செப்பனிட்டார். மில்வாக்கி நகரத்து டெல்டா கம்பெனி 1939-ல் கொண்டுவந்த யுனிசா என்னும் வகை. இவருடையது 1940-களில் செய்தது. பிளேடின் விட்டம் 10 அங்குலம். சாய்வாக அறுக்க மேஜையையே சாய்க்க வேண்டியிருந்த பல ரம்பங்களுக்கு நடுவில், மேஜை கிடையாக நிற்க, பிளேடு மட்டும் 45 டிகிரி வரை சாயும்படி இதைச் செய்திருந்தார்கள்.

அவர் கடிதங்களில் வேலை மட்டுமே இருந்தது. வார்ப்பிரும்பு மேஜையின் துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தது. சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கியது. அச்சைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளையும் மூன்று பெல்ட்டுகளையும் மாற்றியது. பிறகு ஒரு கேள்வி: இவ்வளவும் மாற்றியபின் இது அதே ரம்பம்தானா?

தீசியஸின் கப்பலை வைத்துக் கிரேக்கத் தத்துவவாதிகள் வாதிட்ட விஷயம்தான். ஆனால் ரம்பத்தைப் பொறுத்தவரை இது பொருந்தாத கேள்வி என்று எனக்குப் படுகிறது. கப்பல் நினைவுச் சின்னமாக நின்றது; ரம்பம் அறுக்க வேண்டும். மேஜையில் வெட்டியிருக்கும் காடிக்கு பிளேடு இணையாக நிற்கிறதா, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குக்குள்? நின்றால், பேரிங் எந்தக் கடையில் வாங்கியதானாலும் ரம்பம் ரம்பம்தான். இல்லையென்றால், எல்லாப் பாகங்களும் அசலாக இருந்தும் அது பழைய இரும்பு.

புதுப்பிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய நிறத்தைத் தேடிப் பூசிப் பளபளக்க வைக்கும். மறு கட்சி கைபட்ட கறையைக்கூடத் துடைக்காது. எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் வழிபடுவது தோற்றத்தைத்தான்.

நண்பரின் ரம்பத்தில் காணாமல் போயிருந்தது, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் மேலே கவிய வேண்டிய காப்பு மூடியும். அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு, பின்பக்கம் மேலேறி வரும் பற்களைக் கவ்வினால் பலகை அறுப்பவர்மேல் பாயும். கையும் பிளேடுக்கு இழுபடலாம். அதைத் தடுப்பது அந்தத் தகடு. வேலைக்கு இடைஞ்சல் என்று பல பட்டறைகளில் இரண்டையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். புதுத் தகடு பொருத்தத் துளை போட வேண்டும். இத்தனை வயதான இரும்பில் துளை போட எனக்கு என்ன உரிமை என்று கேட்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் நடுநிலை வகிக்க முடியாதவன். என் சித்தப்பா ஒரு மர மில்லில் சர்க்குலர் ஓட்டியவர். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவர் வலது கையில் மூன்று விரல்கள்தான். அந்தக் கையால்தான் எங்களுக்குத் திருநீறு பூசிவிடுவார். அந்த ரம்பத்தில் யாரும் கைவைக்கவில்லை; தகடு இல்லாமல் வாங்கியது வாங்கியபடியே, அசலாக, ஓடிக்கொண்டிருந்தது.

செய்தவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நிற்பதுதான் விசுவாசமா? செய்தவர்களே நிற்கவில்லை. 2009-ல் யுனிசா என்ற அதே பெயரில் வந்த புதிய அமைப்பில், பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் தகடு வந்துவிட்டது. 70 வருஷம் பிடித்தது. பேரிங்குக்கு மாற்று உண்டு, விரலுக்கு இல்லை என்ற இந்தச் சாதாரண வித்தியாசத்தை மறந்துவிட்ட எந்த அசல்தன்மையும் எனக்கு ஏற்புடையதல்ல.

நண்பர் துளை போட்டுவிட்டார். பெயிண்ட் பூசவில்லை. எந்த மாணவனோ ஆணியால் கீறிய எழுத்துகள் அடிப்பெட்டியில் அப்படியே இருக்கின்றன. துளையை மறைக்காமல் பக்கத்தில் தேதியைப் பொறித்திருக்கிறார். ஆனாலும் இயந்திரத்தைக் காயப்படுத்திவிட்டதாகவே எழுதுகிறார். காயம் இரும்பில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதில் எழுதினேன்.