இறந்தவருக்கு எந்த வினை?

ஸ்பானிய மொழி கற்பவர்களை முதலில் திணறவைப்பவை, 'இருத்தல்' என்று பொருள்படும் செர், எஸ்தார் என்னும் இரண்டு வினைகள். நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று தொடக்கநிலையில் சொல்லித்தரும் விதி, மரணம் என்று வந்ததும் உடைந்துபோகிறது. ஒருவர் இறந்து கிடக்கிறார் என்பதை 'எஸ்தா முவெர்தோ' என்று எஸ்தாரை வைத்தே சொல்கிறார்கள். சாவைவிட நிலையானது எது? கடந்துபோகும் இளமைக்கோ பெரும்பாலும் செர்தான் வருகிறது. ஆகவே காலத்தின் நீளம் இங்கே அளவுகோல் அன்று. ஒருவரை இன்னார் என்று வகைப்படுத்துவது செர். அவர் வந்து சேர்ந்திருக்கும் நிலையைச் சொல்வது எஸ்தார். சாவு மனிதருக்கு நேர்வது; அது அவருடைய இயல்பைக் காட்டும் அடையாளம் ஆகாது.

இந்த வேறுபாட்டின் முழுக் கனமும் ஒருவரைக் குறைசொல்லும்போதுதான் தெரிகிறது. 'எஸ்தா பொர்ராச்சோ' என்றால் அவர் இப்போது போதையில் இருக்கிறார். செர் வினையை வைத்து 'எஸ் பொர்ராச்சோ' என்றால் அவர் குடிகாரர். பெயரடை ஒன்றுதான், வினை மாறியதும் செய்தி தீர்ப்பாகிவிடுகிறது. மனிதரை நேசி, அவரது குற்றத்தை வெறு என்று புனித அகுஸ்தீன் வற்புறுத்திய பிரிவினையை இந்த மொழி அன்றாடப் பேச்சிலேயே கேட்டு வாங்குகிறது. பேசுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அந்தத் தேர்வு ஓர் அறச்செயல் என்றே நான் கருதுகிறேன்.

இலக்கணத்திலிருந்து அறத்தை எடுப்பது மிகை என்று மறுக்கலாம். குடித்திருக்கிறான், குடிகாரன் என்று தமிழும்தான் பிரித்துச் சொல்கிறது. அதனால் நாம் யாரையும் கூடுதல் கருணையோடு பார்த்துவிடவில்லை. ஸ்பெயினின் வரலாறு இந்த மறுப்புக்கு இன்னும் வலு சேர்க்கிறது. 1449இல் தொலேதோ நகரம், யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் நகரப் பதவிகளை வகிக்கக் கூடாது என்று விதித்தது. ஞானஸ்நானம் மனிதரைப் புதுப்பிக்கிறது என்று நம்பிய சமூகம், இரத்தத்தை மாறாத இயல்பாக்கியது. செர், எஸ்தார் இரண்டும் அந்த மக்களின் நாவில் இருக்கத்தான் செய்தன.

மறுப்பின் இந்தப் பகுதியை ஏற்கத்தான் வேண்டும்: வினை யாரையும் நல்லவராக்காது. ஆனால் தொலேதோவில் நடந்ததற்கு மொழியைக் குற்றம் சொல்லவும் முடியாது. மனிதரை அவரது நிலையிலிருந்து பிரித்துப் பேசும் வழி கையிலேயே இருந்தது. அதைக் கைவிட்டவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். வழி இருந்தும் கைவிட்டதால் பொறுப்பு முழுவதும் அவர்களுடையது. தொலேதோவின் விதியைக் கண்டித்து எழுதிய திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸின் சொல்லும் நிலைக்கவில்லை. இத்தகைய இரத்தத் தூய்மை விதிகள் பல நிறுவனங்களுக்குப் பரவின. அவை முற்றாக ஒழிய 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.