கௌசிகன் காட்டிய வழி

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில், கௌசிகன் என்னும் தவசியின் கதையைக் கண்ணன் அர்ஜுனனுக்குக் கூறுகிறான். உண்மையன்றி வேறெதுவும் பேசுவதில்லை என்ற விரதம் பூண்டவன் கௌசிகன். கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டுக்குள் மறைந்த மக்கள் எங்கே என்று அக்கொள்ளையரே வந்து கேட்டபோது, அவன் உள்ளபடியே சொல்லிவிட்டான். மக்கள் கொல்லப்பட்டனர். விரதம் காத்த கௌசிகனோ நரகம் புகுந்தான்.

2010-ஆம் ஆண்டு ஜூலையில் விக்கிலீக்ஸ் இணையதளம் ஆப்கானிஸ்தான் போர் பற்றிய அமெரிக்க ராணுவ ஆவணங்களை வெளியிட்டது. ஏறத்தாழ 91,000 ஆவணங்களில் 15,000-ஐத் தீங்கு கருதி நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு கவனம் இருந்தது உண்மை. ஆயினும் வெளிவந்தவற்றில், அன்னியப் படைக்குத் தகவல் தந்த ஆப்கானியர் சிலரின் பெயர்கள் இருந்தன. உலகம் அறியாத பொதுமக்கள் சாவுகளும் அதே ஏடுகளில்தான் பதிவாகியிருந்தன. ஆகவே வெளியிட்டதே பிழை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அரசின் ரகசியம் வேறு. அரசின் ஏட்டில் அகப்பட்டுக்கொண்ட எளியவனின் ரகசியம் வேறு. முன்னதைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. பின்னதைத் திறக்க யார் அனுமதி தந்தார்கள்?

அந்தக் கசிவால் இன்னார் கொல்லப்பட்டார் என்று காட்ட இயலவில்லை என 2013-இல் ராணுவ நீதிமன்றத்தில் ஓர் அமெரிக்கத் தளபதியே சாட்சியம் அளித்தார். நல்லது, எனினும் வெளியிட்ட நாளில் அதை யாரும் அறிந்திருக்கவில்லையே!

2010 நவம்பர் முதல் வெளியான 2,51,287 தூதரகத் தந்திகளில் வேறு முறை கையாளப்பட்டது. ஐந்து இதழ்களின் செய்தியாளர்கள் தந்திகளைப் படித்து, ஆபத்துக்குள்ளாகக் கூடியவர்களின் பெயர்களை நீக்க, அவை சிறிது சிறிதாக வெளிவந்தன. 2011 செப்டம்பரில் அந்தப் பொறுமை முறிந்தது. கடவுச்சொல் ஒரு நூலில் அச்சாகி, கோப்பும் இணையத்தில் பரவிவிட்டது என்று காரணம் கூறி, தளம் அனைத்தையும் பெயர்களுடனேயே வெளியிட்டது. ஐந்து இதழ்களும் கண்டித்தன. பழி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பெயர்கள் மட்டும் திரும்பவில்லை.

இணையம் இல்லாத 1971-இல் டேனியல் எல்ஸ்பர்க் வியட்நாம் போர் பற்றிய, சுமார் 7,000 பக்க ரகசிய ஆய்வைப் பத்திரிகைகளுக்கு அளித்தார். சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளை மட்டும், பேச்சு கெட்டுவிடக் கூடாதென்று கொடுக்காமல் வைத்துக்கொண்டார். செய்தது தாமே என்று ஒப்புக்கொண்டு சரணடைந்தார். எதைக் கொடுக்கலாகாது என்று அவரால் பிரித்தறிய முடிந்தது. அந்த ஏடுகளை அவர் முன்னரே படித்திருந்தார்.