மலையில் விடப்பட்டவர்

பிரான்சு நாட்டின் தென்மேற்கு எல்லையில் உள்ள சான் ழான் பியெ தெ போர் என்னும் சிற்றூரிலிருந்து ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸ் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடையில் நிற்பது பிரெனீஸ் மலை. பாதை 1,400 மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. திருத்தூதர் யாகப்பரின் கல்லறையை நாடிக் கொம்போஸ்தெலா செல்லும் திருப்பயணிகள் பல நூற்றாண்டுகளாக இம்மலையைக் கடந்து வருகின்றனர். (நம் முன்னோர் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைத்தவர் இவரே. சந்தியாகோ என்னும் ஐபீரியப் பெயர் நம் நாவில் அவ்வாறு குழைந்தது.)

இம்மலையைப் பற்றிய கதையொன்று, கொம்போஸ்தெலா பேராலயத்தில் காக்கப்படும் 12ஆம் நூற்றாண்டுச் சுவடியில் உள்ளது. லொரேன் நாட்டு வீரர் முப்பது பேர் 1080ஆம் ஆண்டில் திருப்பயணம் புறப்பட்டனர். வழியில் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று ஆணையிட்டனர். ஒருவர் மட்டும் ஆணையிடவில்லை. வழியில் அவர்களுள் ஒருவர் நோயுற்றார். ஐந்து நாளில் கடக்க வேண்டிய தொலைவை அவரைச் சுமந்துகொண்டு பதினைந்து நாளில் கடந்தனர். மலையடிவாரம் வந்ததும் சலித்துப்போய் அவரை விட்டுவிட்டு நடந்தனர். உடன் தங்கியவர், ஆணையிடாத அந்த ஒருவரே. நோயாளி மலையுச்சியில் இறந்தார். இருளில் பிணத்தோடு தனித்து நடுங்கியவரிடம் யாகப்பர் குதிரைவீரராக வந்து, இருவரையும் ஒரே இரவில் கொம்போஸ்தெலாவின் அருகே சேர்த்தார். விட்டுச்சென்ற தோழர்களின் திருப்பயணமோ, அவர்கள் மனம் வருந்தித் தவம் செய்யும்வரை ஏற்கப்படாது என்றும் சொல்லி அனுப்பினார்.

இது நடந்ததா என்று வழக்காட நாம் முற்படவில்லை. நம்மை உறுத்துவது அந்தப் பதினைந்து நாள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பத்து நாள் கூடுதலாகச் சுமந்தவர்கள். கடவுளுக்கு நேர்ந்துகொண்ட பயணம் முன்னே காத்திருக்க, பிழைக்க மாட்டார் என்று தோன்றிய ஒருவருக்காக இன்னும் எத்தனை நாள்? ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் தாயைப் பேணிவிட்டு, ஒருநாள் அலுத்துப்போகும் மகளிடம் இக்கேள்வியின் கனத்தைக் கேட்கலாம். அவர்களைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. ஆயினும் அவர்கள் பிழை களைப்பன்று என்றே எண்ணுகிறோம். நோயாளியைப் பயணத்துக்குத் தடையாகக் கண்டார்கள். எரிகோ சாலையில் ஒதுங்கிப்போன குருவும் லேவியரும் அப்படித்தான் கண்டிருப்பர். நேர்ச்சை இறைவனுக்கு உரியது, நோயாளி நமக்கு வாய்த்த தொல்லை என்று பிரித்துவிட்டால், பின்பு கைவிடுதல்கூடப் பக்தியாகத் தோன்றும்.

அதே வழியில், பியெர்சோவின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்ததும், வில்லாபிராங்கா என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த யாகப்பர் ஆலயம் உள்ளது. அதன் வடக்கு வாயிலுக்கு மன்னிப்பு வாயில் என்று பெயர். எதிரே 1,300 மீட்டர் உயரத்தில் செப்ரெய்ரோ மலை. கொம்போஸ்தெலாவுக்கு இன்னும் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். நோயினால் அம்மலை ஏற இயலாதோர் இவ்வாயிலை அடைந்தாலே, கல்லறை வரை சென்றோர் பெறும் அதே பலனைப் பெறலாம் என்று திருச்சபை சலுகை அளித்தது. யாகப்பர் திருநாள் ஞாயிறன்று வரும் யூபிலி ஆண்டுகளில் அது திறக்கப்படுகிறது, அடுத்தது 2027.

கடைசி மணியில் வந்த வேலையாளுக்கும் ஒரு தெனாரியம் கொடுத்த தோட்டக்காரரை நினைவூட்டும் வாயில் இது. ஆனால் சலுகை நோயாளிக்கு உரியது. அவரைக் கைத்தாங்கலாக வாயிற்படிவரை அழைத்து வந்து, மலையேறும் வலிமை இருந்தும் அவரருகே தங்கிவிட்ட தோழருக்கு? லொரேன் வீரர் கதையில் யாகப்பரின் குதிரை சுமந்து சென்றது இருவரை.