அழைப்பும் அதட்டலும்

பிள்ளையின் எடை குறைந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொல்லி அனுப்பியும் தாய் வரவில்லை. உடனே, "அக்கறை இல்லாத குடும்பம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கம்பளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எளிதாகச் சொல்லப்படும் இந்தப் பழி நியாயமானதா?

மலையில் கொழுந்தெடுக்கும் தாய் பாதி நாளில் இறங்கி வந்தால், அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். வந்து உட்கார்ந்தாலும், பேசுகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். தகப்பனையோ பெரும்பாலும் யாரும் அழைப்பதே இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குத் தாய்மாரின் அசட்டைதான் காரணம் என்று சொல்ல மனச்சாட்சி இடம் கொடுக்காது.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். பெற்றோருக்கு வசதிப்படும் நாள்வரை பிள்ளையின் வளர்ச்சி காத்திருக்காது. சிறுவர் உரிமை உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றது. பிள்ளை பெற்றோரின் உடைமையல்ல. அப்படியானால், வராதவர்களுக்கு உதவியை நிறுத்தி வரவழைப்பது சரிதானே என்று கேட்கலாம்.

அதற்கான பதில் நம் அனுபவத்திலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகக்கூடாது என்று 2013இல் அரசு விதித்தது. அதை உறுதிப்படுத்தக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. தகப்பனுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. பிள்ளையைக் காக்க வந்த விதிதான். ஆனால் வறுமை அப்படியே இருந்ததால், சுற்றுலா விசாவில் போனவர்களும், பிள்ளை இருப்பதையே மறைத்தவர்களும் உண்டு. 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. உதவ வரும் கையே தண்டிக்கவும் செய்தால், குடும்பம் உண்மையைச் சொல்லாது. உண்மை தெரியாமல் எந்தப் பிள்ளையையும் காக்க முடியாது.

வீட்டில் அடி, வன்முறை என்றால் நிலைமை வேறு. அங்கே பெற்றோரின் சம்மதத்துக்குக் காத்திராமல் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு அறிவிப்பதே அறம். ஆனால் வறுமை கொடுமையல்ல. அதற்கு விசாரணை மருந்துமல்ல.

ஆகவே பிரதேச செயலகங்களும் தோட்ட நிர்வாகங்களும் முதலில் தம் கடமையைச் செய்யட்டும். கூட்டத்தைக் கொழுந்து நிறுத்து முடிந்தபின் வையுங்கள். இல்லையேல் வருகிறவர்களுக்கு முழுப்பேர் போடுங்கள். தமிழில் பேசுங்கள். தகப்பனையும் பெயர் சொல்லி அழையுங்கள். அறிவுரைக்கு முன், "வீட்டில் என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். இவ்வளவும் செய்தபின்னும் வராத பெற்றோரைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு; அதற்குமுன் இல்லை.